நாற்பத்தேழாம் வரியில் கல்

அந்தத் துறையில் அவருக்கு ‘சிவப்பு மேடம்’ என்று பெயர். நிறத்தைப் பார்த்து வைத்த பெயரல்ல. கேள்விக்குப் பதில் தெரியாமல் பிள்ளைகள் விழித்தால், “சந்தேகமா இருக்கா? அப்போ சிவப்பு போடு” என்பார். சந்தேகம் வந்தால் வண்டி நிற்க வேண்டும். இந்தப் படிப்பே அவ்வளவுதான், மீதியெல்லாம் பரீட்சைக்கு என்பது அவர் கட்சி. இருபத்தொரு வருடமாக இதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் பெயரே அதுவாகிவிட்டது.

துறையின் பெயரை வாசல் பலகையில் எழுதியவர் ‘தானியக்கம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு’ வரைக்கும் தாராளமாக எழுதிவிட்டு, ‘அமைப்புகள் துறை’ என்பதை ஓரத்தில் நசுக்கி வைத்திருந்தார். திட்டமிடுவதைச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு நல்ல வரவேற்பு. இரண்டாவது மாடியில் மேடத்தின் ஆய்வகம். நடுவில் டேபிள் டென்னிஸ் மேசை அளவுக்கு ஒரு பலகை. அதன்மேல் பித்தளைத் தண்டவாளம், சாண் நீள டிராம் வண்டிகள், மிளகு அளவு சிக்னல் விளக்குகள். சுவரோரம் ஓர் அலமாரி நிறைய ரிலேக்கள், அதாவது மின்சாரமே திருப்பிவிடும் சுவிட்சுகள். ஒரு சுவிட்சைத் திருப்பினால் அலமாரிக்குள் நாலைந்து இடத்தில் டிக் டிக் என்று சத்தம் கேட்டு, பிறகுதான் பலகையில் விளக்கு மாறும்.

பாடம் நடத்துவது போக, நகரத்து டிராம் நிறுவனத்துக்கு அந்த ஆய்வகம் ஒரு வேலை செய்து கொடுத்தது. தண்டவாளங்கள் கூடிப் பிரியும் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் அட்டவணை. வரிக்கு ஒரு பாதை. அந்தப் பாதையில் வரும் வண்டிக்குப் பச்சை விழ வேண்டுமென்றால், தண்டவாளத்தைப் பிரித்துவிடும் பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், எந்தெந்த சிக்னல் சிவப்பாக இருக்க வேண்டும், எந்தத் தண்டவாளத் துண்டு காலியாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு வரி தப்பினால் இரண்டு வண்டிக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழும். நேரில் சோதித்துப் பார்க்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். பார்ப்பார்கள், அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். அட்டவணையே தப்பென்றால் சோதனையும் அந்தத் தப்புக்கு ஆமாம் சாமி போட்டுவிடும்.

அதனால்தான் எழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர். எழுதுவது மேடம். சரிபார்ப்பது குட்டி.

குட்டி அந்தத் துறைக்கு வந்து பதினான்கு வருடம். வந்த புதிதில் கரும்பலகையின் மேல் பாதி எட்டாது. மேடம்தான் தச்சரைக் கூப்பிட்டு ஒரு சின்ன மேடை அடித்துக் கொடுத்தார். ‘குட்டி’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். இப்போது குட்டி உதவிப் பேராசிரியர், ஒரு பெண்ணுக்குத் தாய், கண்ணாடி வேறு போட்டுவிட்டாள். ஆனாலும் குட்டிதான். அவளுக்குக் குறைப்பிரசவமானபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தவர் மேடம். மேடம் வீட்டு மாற்றுச்சாவி குட்டியின் கைப்பையில் இருந்தது. “கூடப் பிறந்ததுகூட இப்படி இருக்காது” என்று மேடத்தின் வீட்டுக்காரர் சொல்வார். வீட்டுக்காரர் டிராம் ஓட்டுநர். மனைவி எழுதுகிற சிக்னலைப் பார்த்துத்தான் அவர் தினமும் வண்டி ஓட்டுகிறார். “வீட்டுலயும் அவ சொன்னாத்தான் நகரணும், ரோட்டுலயும் அவ சொன்னாத்தான் நகரணும்” என்று பணிமனையில் புலம்புவாராம்.

இனி கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நூறு வரி அட்டவணையை ஒருவர் உண்மையிலேயே படித்தாரா, சும்மா புரட்டிக் கையெழுத்துப் போட்டாரா என்று எப்படித் தெரியும்? மேடம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எழுதி முடித்ததும் ஏதாவது ஒரு வரியில் வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்து வைப்பார். அதற்குப் பெயர் கல். அரிசியில் கல்லைப் போட்டுவிட்டுப் பொறுக்கச் சொல்வது மாதிரி. சரிபார்ப்பவர் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு வந்தால், மீதி அரிசியையும் கைவிட்டு அளைந்திருக்கிறார் என்று அர்த்தம். கல் எந்த வரியில் என்று மேடம் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பார், பிறகு மறந்துபோய் அதுவே நிஜ அட்டவணையில் தங்கிவிடக் கூடாதே. நோட்டு மேசை இழுப்பறையில். சாவி காலண்டருக்குப் பின்னால் ஆணியில். தான் திடீரென்று படுத்துவிட்டால் கல்லை எடுக்க ஆள் வேண்டுமே என்று, சாவி இருக்குமிடத்தைக் குட்டிக்கு அவரே சொல்லி வைத்திருந்தார்.

பதினொரு அட்டவணை. பதினொரு கல். ஒன்றைக்கூடக் குட்டி விட்டதில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்து நிற்பாள். “அக்கா, மாட்டிக்கிச்சு! இந்தத் தடவை ரொம்ப ஆழத்துல ஒளிச்சிட்டீங்க, கண்ணே பூத்துப் போச்சு.” மேடத்துக்குப் பெருமை பிடிபடாது. இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அன்றைய டீ மேடம் கணக்கு.

பன்னிரண்டாவது அட்டவணை தொண்ணூற்றாறு வரி. கல்லை எழுபத்து நான்காம் வரியில் போட்டார்: ஐந்தாம் பாயிண்ட் வலது என்று இருக்க வேண்டியதை இடது என்று மாற்றினார். நோட்டை எடுத்துக் குறிக்கும் நேரத்தில் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

“ஏம்மா, அடுத்த திங்கள்ல இருந்து டைம் மாறுது. இதுவரைக்கும் விடிகாலைல மட்டும்தானே டிப்போல இருந்து வண்டி வெளிய வரும்? இனிமே மத்தியானமும் எடுக்கணுமாம். சாப்பாடு கட்டிக் குடுத்துடு.”

“சரிங்க.”

“சரின்னா எந்த சரி? கேட்டியா, கேக்காமலே சொல்றியா?”

“கேட்டேன், கேட்டேன், மத்தியானம்” என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதி மூடினார். வீட்டுக்காரர் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான் என்பது அந்த வாரமே தெரிந்தது.

வியாழக்கிழமை குட்டி அட்டவணையைக் கொண்டுவந்து வைத்தாள். காதில் பென்சில். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, டீ சொல்லுங்க. நாப்பத்தேழு!”

“எது?”

“நாப்பத்தேழாவது வரி. அஞ்சாம் பாயிண்ட் இடதுன்னு போட்டிருக்கீங்க. வலதா இருக்கணும். சாதாரணமா பார்த்தா தெரியவே தெரியாது. ரெண்டு தடவை விட்டுட்டு மூணாவது தடவைதான் புடிச்சேன்.”

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. சரி, பாவம், கண் அசந்துவிட்டது, வேறு எதையோ தப்பென்று நினைத்திருக்கிறாள், எவ்வளவோ நாளைக்கு ஒரு நாள் நடக்காதா என்றுதான் முதலில் நினைத்தார். “டீ அப்புறம். நீ கிளாஸ் முடிச்சிட்டு வா” என்று அனுப்பிவிட்டு நாற்பத்தேழாம் வரியைப் பார்த்தார். இடது. இடதாகத்தான் இருக்க வேண்டும். பழுதில்லாத வரி. தன் நினைவின்மேலேயே சந்தேகம் வந்து, ஆணியிலிருந்து சாவியை எடுத்து, நோட்டைத் திறந்தார்.

அவருடைய கையெழுத்துதான். ‘47 – பாயிண்ட்.’

ஏழையும் நான்கையும் இடம் மாற்றி எழுதியிருந்தார். போன் பேசிக்கொண்டே எழுதிய லட்சணம்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பத்தேழாம் வரியில் தப்பு இல்லை. இல்லாத தப்பை எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. அங்கே தப்பு இருக்கிறது என்று உலகத்திலேயே ஓர் இடத்தில்தான் எழுதியிருந்தது. அது இந்த நோட்டு. முந்தைய பக்கங்களைப் புரட்டினார். பதினொரு கல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தன் கையாலேயே போட்ட டிக். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு டீ. கண் பூத்துப் போச்சு என்று இவள் கண்ணைக் கசக்கியதுகூட நினைவுக்கு வந்தது. திருட்டுப் போன வீட்டில் எது எது போயிற்று என்று தெரியாமல் நிற்பதுபோல் இருந்தது.

மாலை நாலு மணிக்குக் குட்டி வந்தாள். மேடம் பலகைக்கு முன்னால் நின்றிருந்தார்.

“உன் திருத்தத்தை இதுல ஓட்டிக் காட்டு.”

“எதுக்குக்கா? நோட்டுல...” என்றவள், “நோட் பண்ணிட்டேனே, பேப்பர்ல” என்று சமாளித்தாள்.

“ஓட்டு.”

குட்டி வண்டிகளை நிறுத்தி வைத்தாள். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒன்று நின்றது. நாற்பத்தேழாம் பாதையில் ஒன்று கிளம்பத் தயாராக இருந்தது. தன் திருத்தப்படி ஐந்தாம் பாயிண்டை வலது பக்கம் திருப்பினாள். அலமாரி டிக் டிக் என்றது. பச்சை விழுந்தது. சின்ன வண்டி சமர்த்தாகக் கிளம்பி, பாயிண்டில் வலது பக்கம் திரும்பி, நின்றிருந்த வண்டியின் முதுகில் போய் இடித்தது. டொக்.

குட்டி வண்டியைப் பார்த்தாள். பிறகு மேடத்தின் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

“எத்தனை வருஷமா?” என்று மேடம் கேட்டார்.

குட்டி இடித்த வண்டியை எடுத்துப் பின்னால் வைத்தாள்.

“எத்தனை வருஷமாடி?”

“மூணாவது அட்டவணைல இருந்து. பாப்பாவுக்குக் காய்ச்சல்க்கா அப்போ. நாலு நாள் தூக்கமில்ல. தேடித் தேடிப் பார்த்தேன், கல் கிடைக்கல. நீங்க தப்பா நினைப்பீங்களோன்னு ஒரே ஒரு தடவை நோட்டைத் திறந்தேன்.”

“ஒரே தடவை. அப்புறம்?”

“தேடினா ஒரு நாள் முழுக்கப் போயிடுது. திறந்தா ரெண்டு நிமிஷம்.” குட்டி அழ ஆரம்பித்திருந்தாள். “நீங்க எழுதினா தப்பு இருக்காதுன்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்களா போடுற கல்லைத் தவிர அதுல வேற என்ன இருக்கப் போகுது? நான் உங்களை நம்பினேன்.”

இந்த இடத்தில்தான் மேடத்துக்குத் தலைக்கேறியது.

“நம்பினியா? என்னை நம்பக் கூடாதுன்னுதானேடி உன்னை அங்க உட்கார வெச்சேன்? ஊர்ல எல்லாரும் என்னை நம்பலாம். என் வீட்டுக்காரர் நம்பலாம், வண்டில உக்கார்ந்து தூங்கிட்டுப் போறவன் நம்பலாம். நம்பக் கூடாத ஒரே ஆள் நீதான். அதுதான் உன் வேலை. அதைப் பண்ணாம எனக்கு வந்து கண்ணைக் கசக்கிக் காட்டினியே, டீ வேற வாங்கிக் குடிச்சியே!”

கடைசியில் டீயிடம் வந்து நின்றதில் அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வலித்தது அங்கேதான்.

மறுநாள் துறைத்தலைவரிடம் போனார். எதற்கும் கமிட்டி போடுகிறவர் என்பதால் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயரும் கமிட்டி. முழுதும் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“மேடம், பதினோரு சந்திப்பும் நல்லாத்தானே ஓடுது? ஒரு விபத்து உண்டா? இல்ல. அப்போ எதுக்குப் பூதத்தைக் கிளப்பணும்? செமஸ்டர் முடியட்டும். ஒரு கமிட்டி போட்டு, திருத்திய பதிப்புன்னு அமைதியா ஒண்ணு வெளியிட்டுடலாம். உங்க பேரும் கெடாது.”

“சார், ஒன்பது அட்டவணையை என்னைத் தவிர யாரும் படிக்கல. எழுதினவளே படிச்சா அது படிச்சதாகாது.”

“நீங்க எழுதினதுல என்ன தப்பு இருக்கப் போகுது?” என்றார் கமிட்டி. அவரும்.

அந்தக் கணமே டிராம் நிறுவனத்துக்குப் போன் போட்டு ஒன்பது சந்திப்பையும் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இருபத்தொரு வருடம் ஊரையெல்லாம் சிவப்பு போடச் சொன்னவர், தன் சந்தேகத்துக்கு மட்டும் மஞ்சள் போட்டார். சனிக்கிழமை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பயம்தான், வேறொன்றுமில்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். பணிமனைச் சந்திப்பின் அட்டவணையை எடுத்தார். வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு நாலு தடவை கடக்கிற இடம். பத்து வரி தாண்டுவதற்குள் கண் வழுக்கியது. தான் எழுதிய வாக்கியம் தனக்கே மனப்பாடம். என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படிக்காமல், என்ன எழுத நினைத்தாரோ அதையே கண் படித்தது. திரும்பத் திரும்ப முதல் வரிக்குப் போனார். எல்லாமே சரியாக இருந்தது. எல்லாமே சரியாக இருப்பதுதான் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. குட்டி. கண் வீங்கியிருந்தது. உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“குடுங்கக்கா. உங்களால பார்க்க முடியாது.”

வெளியே போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இந்த ஊரில் அந்த அட்டவணையைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எழுதியவர். தாளை மேசையில் தள்ளிவிட்டார்.

குட்டி படித்தாள். ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு நிபந்தனையையும் வரைபடத்தில் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் கடைசி வரியையும் முடித்து, சந்தேகப்பட்ட ஒரு வரிக்குத் திரும்பினாள்; ஸ்கேல் அங்கே நின்றது. மேலே போனது, கீழே வந்தது, மறுபடி நின்றது.

“அக்கா.”

“என்ன?”

“முப்பத்தொண்ணு. நேர் பாதைக்குப் பச்சை விழும்போது டிப்போ வாசல் சிக்னல் சிவப்பா இருக்கணும்னு நிபந்தனையே இல்லையே. இது கல்லா?”

மேடம் நோட்டைப் பார்க்கவில்லை. அந்த அட்டவணையின் கல் பன்னிரண்டாம் வரியில் இருந்தது; ஆறு வருடத்துக்கு முன்பே எடுத்தாயிற்று.

“இல்ல. இது நான்.”

ஆறு வருடம் ஒன்றும் நடக்காததற்குக் காரணம் இவர்கள் இருவரின் சாமர்த்தியமல்ல. பணிமனை வண்டிகள் விடிகாலையில், நேர் பாதையில் ஒன்றும் ஓடாத நேரத்தில், வெளியே வந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமையிலிருந்து மத்தியானமும் வரும். நேர் பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறவனுக்கும் பச்சை, வாசலிலிருந்து கிளம்புகிறவனுக்கும் பச்சை. கிளம்புகிறவர் யாரென்று மேடத்துக்குத் தெரியும். சாப்பாடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார். குரல் நடுங்காமலிருக்க எழுந்து நின்று பேசினார்.

“பணிமனைச் சந்திப்பை நிறுத்துங்க. டிப்போ வாசலைச் சிவப்புல பூட்டிடுங்க. இப்பவே. இன்னும் எட்டு சந்திப்பு இருக்கு, ஒண்ணொண்ணா பேர் சொல்றேன், எழுதிக்குங்க. நாங்க பார்த்து முடிக்கிற வரைக்கும் எல்லாத்துலயும் ஆளை நிறுத்திக் கொடி காட்டி விடுங்க.”

“யார் சொல்றதுன்னு எழுதிக்கிறது மேடம்?”

“அட்டவணையை எழுதினவ சொல்றேன்னு எழுதிக்குங்க.”

பிழை அறிக்கைத் தாளை எடுத்தார். மூன்று கட்டம். தயாரித்தவர்: தன் பெயர். சரிபார்த்தவர்: குட்டியின் முழுப் பெயர். பிழையைக் கண்டுபிடித்தவர்: அதற்கும் அதே முழுப் பெயர்தான்.

“மூணாவதுல என் பேரைப் போடாதீங்கக்கா” என்றாள் குட்டி.

“நீதானே கண்டுபிடிச்ச? நடந்ததைத்தான் எழுதணும்.” கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். “எத்தனை மணிக்கு ஆரம்பிச்ச?”

“எட்டே கால் இருக்கும்.”

மூன்றரை மணி நேரம்.

அதுவரைக்கும் மேடத்துக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. இவளுக்கு வராது போலிருக்கிறது, வராததைச் சொல்ல வெட்கப்பட்டு நோட்டைத் திறந்திருக்கிறாள், நானும் கவனிக்காமல் விட்டேன் என்று இரண்டு ராத்திரியும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். வராதவளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பார். இவளுக்கு வரும். தன்னைவிட நன்றாக வரும். ஒரு காலைப் பொழுது போதும். ஒன்பது காலைப் பொழுதுகளைத் மேடத்துக்காக, அவர் வீட்டுக்காரருக்காக, வண்டியில் தூங்கிப் போகிறவனுக்காகச் செலவழிக்க இவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். மேடத்துக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, மூக்கைச் சிந்தினார்.

“இனிமே ஒழுங்கா பார்ப்பேன்க்கா. என்னை நம்புங்க.”

மேடம் அடுத்த அட்டவணையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பிறகு தன் நாற்காலியை நகர்த்திக் குட்டிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். குட்டி ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைத்தாள். சாயங்காலம் வெளிச்சம் போகும் வரைக்கும் குட்டி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. அந்தக் கண் இரண்டும் ஒவ்வொரு வரிக்கும் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.